பழைய காரின் ஹெட்லைட் வயரிங் கோளாறு: படிப்படியாகத் தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. அல்லது ஒரு பக்கம் மட்டும் எரிகிறது. அல்லது பிரைட் போட்டால் இரண்டும் அணைந்துவிடுகின்றன. இப்படி ஏதாவது வந்ததும் புதிதாக வேலை பழகுபவர்கள் முதலில் பல்பை மாற்றுவார்கள், பிறகு ஸ்விட்சை மாற்றுவார்கள், கடைசியில் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் வயர் கட்டையே பிரித்துப்போடுவார்கள். அதற்குள் ஒரு கோளாறு மூன்றாகியிருக்கும். எந்த இடத்தில் கோளாறு என்று மீட்டர் சொன்ன பிறகுதான் எதையும் கழற்ற வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே.

இங்கே சொல்லும் அளவுகள் 12 வோல்ட் பேட்டரியும் சாதாரண இழை பல்பும் உள்ள கார்களுக்கு. 6 வோல்ட் கார்களிலும் முறை இதேதான். ஆனால் அதே வாட் பல்பு அங்கே இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், இருக்கும் வோல்ட்டும் பாதிதான். அதனால் நான் தரும் வோல்ட் இழப்பு வரம்புகளைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. விலை உயர்ந்தது தேவையில்லை, 20 வோல்ட் டிசி அளவில் 0.01 வரை காட்டினால் போதும். அதோடு 3 மீட்டர் நீள வயர் ஒன்று, இரு முனையிலும் முதலைக் கிளிப் மாட்டியது. மீட்டரின் சொந்த வயர் பேட்டரியிலிருந்து ஹெட்லைட் வரை எட்டாது. இந்த நீள வயர் இல்லாததால்தான் பலர் தேவையான அளவை எடுக்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

டெஸ்ட் லேம்ப் ஒன்று: இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பை ஹோல்டரோடு இரண்டு வயரில் இணைத்தால் போதும். எல்ஈடி வைத்த டெஸ்டர் இந்த வேலைக்கு உதவாது, காரணம் 5-ஆம் படியில் வரும். வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஹெட்லைட் பல்பு ஒன்று, உப்புத்தாள், சிறிய பித்தளை பிரஷ், மெல்லிய குண்டூசிகள், ஒரு நோட்டு. உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள், மேலேயே பேனாவால் குறிக்கலாம்.

மோதிரம், உலோகப் பட்டை வாட்ச் இரண்டையும் கழற்றி வையுங்கள். பழைய கார்கள் பலவற்றில் பேட்டரியிலிருந்து லைட் ஸ்விட்ச் வரை போகும் வயருக்கு ஃபியூஸே கிடையாது. அது பாடியில் உரசினால் வயர் கட்டு முழுவதும் சில நொடிகளில் உருகிவிடும். எதையாவது கழற்றும்போது பேட்டரியின் எர்த் முனையை, அதாவது பாடியோடு இணைந்திருக்கும் முனையை, முதலில் எடுங்கள், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாகப் போடுங்கள். அப்போது ஸ்பேனர் தவறிப் பாடியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகாது.

2. எர்த் எந்தப் பக்கம், எந்த நிறம் எந்த வேலை

பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த வயர் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். கீழே ‘ஃபீடு’ என்று சொல்வது பேட்டரியிலிருந்து விளக்குக்குக் கரண்ட் கொண்டுவரும் பக்கத்தை. அந்தக் கார்களில் அது நெகட்டிவ் பக்கம். மீட்டரில் மைனஸ் குறி வந்தால் பதற வேண்டாம், எண்ணை மட்டும் படியுங்கள்.

நிறத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. லூகாஸ் (பிரிட்டிஷ் மின்கருவி நிறுவனம்) வயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு நிற வயரில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும், பெரும்பாலும் ஃபியூஸ் இல்லாமல். ஜெர்மன் கார்களில் அதே பழுப்பு நிறம் எர்த். ஒன்றில் பழகிய கையோடு மற்றொன்றில் பழுப்பு வயரைப் பாடியில் வைத்தால் தீப்பொறி பறக்கும்.

லூகாஸ் முறையில் லைட் ஸ்விட்சிலிருந்து, டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் ஸ்விட்சுக்குப் போவது நீலம். டிப்பரிலிருந்து பிரைட்டுக்குப் போவது வெள்ளைக் கோடு போட்ட நீலம், டிம்முக்குப் போவது சிவப்புக் கோடு போட்ட நீலம். பார்க்கிங் விளக்குக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கருப்பு. ஜெர்மன் கார்களில் நிறத்தைவிட டெர்மினல் எண்ணை நம்புங்கள்: 30 பேட்டரி, 31 எர்த், 56 ஸ்விட்சிலிருந்து டிப்பருக்கு, 56ஏ பிரைட், 56பி டிம்.

எந்தக் காராக இருந்தாலும், இத்தனை வருடத்தில் யாரோ ஒருவர் கையில் கிடைத்த நிற வயரை ஒட்டுப் போட்டிருப்பார். நிறம் ஒரு யூகம்தான், முடிவு மீட்டருடையது.

3. பேட்டரியைச் சரிபார்ப்பது

முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜினை அணைத்து ஹெட்லைட்டைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே வேகமாக இறங்கினால் பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு வாருங்கள். இறங்கிக்கொண்டே இருக்கும் பேட்டரியை வைத்து எடுக்கும் எந்த அளவும் அடுத்த அளவோடு ஒத்துப்போகாது.

இதே வேளையில் மீட்டர் ஊசியை முதலில் பேட்டரியின் ஈயக் கம்பத்தில் வையுங்கள், பிறகு அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வையுங்கள். இரண்டு எண்ணும் வேறுபட்டால் கோளாறின் ஒரு பங்கு அங்கேயே இருக்கிறது.

4. அறிகுறியைப் படியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு கருவியும் தேவையில்லை, ஆனாலும் இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி டிம், பிரைட், பாசிங் லைட், பார்க்கிங், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு, எது எரிகிறது, எது மங்குகிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

இரண்டு பக்கமும் ஒன்றாக அணைந்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது: லைட் ஸ்விட்ச், டிப்பர், அவற்றுக்கு வரும் ஃபீடு. ஒரு பக்கம் மட்டும் என்றால் டிப்பரைத் தொட வேண்டியதில்லை. அந்தப் பக்கத்துப் பல்பு, சாக்கெட், எர்த், பிரிந்து போகும் கனெக்டர் ஆகியவற்றில் தேடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபியூஸ் உள்ள கார்களில் ஃபியூஸும் இந்தப் பட்டியலில் சேரும்.

டிம் எரிந்து பிரைட் மட்டும் இரு பக்கமும் எரியவில்லை என்றால் டேஷ்போர்டில் இருக்கும் பிரைட் அறிகுறி விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது பிரைட் வயரிலிருந்தே கரண்ட் எடுக்கிறது. அது எரிந்தால் டிப்பர் வரை வழி சரி, கோளாறு அதற்கு அப்பால், ஹெட்லைட் பக்கம். எரியவில்லை என்றால் டிப்பரிலோ அதிலிருந்து கிளம்பும் பிரைட் வயரிலோ தேடுங்கள். பாசிங் லைட்டுக்குத் தனி ஃபீடு உள்ள கார்களில் இன்னொரு தடயம் கிடைக்கும். பாசிங் அடித்தால் பிரகாசமாக எரிந்து, ஸ்விட்சில் போட்டால் எரியவில்லை என்றால் பல்பும் எர்த்தும் முன்பக்க வயரும் குற்றமற்றவை.

அடுத்து, பார்ப்பவரைக் குழப்பும் ஒரு அறிகுறி. டிம் போட்டால் ஒரு பக்கம் பல்பின் இரண்டு இழைகளும் (டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று) மங்கலாக ஒளிர்கின்றன, பிரைட் அறிகுறி விளக்கும் மெல்ல எரிகிறது. இதைப் பார்த்ததும் டிப்பருக்குள் ஷார்ட் என்று முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில் அந்தப் பக்கத்துப் பல்பின் எர்த் போயிருக்கிறது. டிம் இழைக்குள் வந்த கரண்டுக்கு எர்த்துக்குப் போக வழி இல்லை. அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், பிரைட் வயரில் ஏறி, அடுத்த பக்கத்துப் பிரைட் இழை மூலம் எர்த்தைத் தேடிக்கொள்கிறது. மூன்று இழைகள் வரிசையாக நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 4 வோல்ட்தான் கிடைக்கும். இண்டிகேட்டர் போடும்போது பார்க்கிங் விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டினாலும் இதே வகைக் கதைதான். விளக்குகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

5. லோடோடு அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பல்பைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டில் மீட்டரை வைத்து, 12 வோல்ட் வருகிறது, வயரிங் சரி என்று சொல்வது மிகப் பரவலான தவறு. டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 28 இழைகள் உள்ள வயரில் 27 அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஓம் அளவில் வைத்தாலும் அந்த ஒரு இழை நல்ல வயராகவே தெரியும். எல்ஈடி டெஸ்டரும் அதே காரணத்தால் ஏமாற்றும். 55 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் 9 ஆம்ப்புக்கு மேல் கேட்கும். அந்தக் கரண்ட் ஓடும்போதுதான் களிம்பு பிடித்த கனெக்டர் தன் குணத்தைக் காட்டும். வெறும் 0.1 ஓம் தடை, 10 ஆம்ப் ஓடினால் 1 வோல்ட்டை விழுங்கிவிடும். சாதாரண மீட்டரால் 0.1 ஓமை நம்பகமாக அளக்கவே முடியாது.

எனவே பல்பு மாட்டியபடியே, விளக்கு எரிந்தபடியே அளக்க வேண்டும். ஹெட்லைட்டின் வெளி வளையத்தைக் கழற்றி, யூனிட்டை வெளியே இழுத்து, சாக்கெட்டைப் பிரிக்காமல் அதன் பின்பக்கத்திலிருந்து வயரை ஒட்டிக் குண்டூசியை உள்ளே விடுங்கள். ஊசி டெர்மினலைத் தொடும், மீட்டர் முனை ஊசியைத் தொடும். வயரின் உறையைக் குத்தித் துளைக்காதீர்கள். அந்தத் துளை வழியாகப் போகும் ஈரம் அடுத்த வருடம் உங்களுக்கு இன்னொரு கோளாறாக வரும். எரியும் யூனிட் கடுமையாகச் சுடும், பெயின்ட் மேலோ பிளாஸ்டிக் மேலோ சாய்த்து வைக்க வேண்டாம்.

முதல் அளவு பல்பின் ஃபீடு முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே. உடனே பேட்டரி முனைகளிலும் அளங்கள். பேட்டரியில் 12.3, பல்பில் 11.8 என்றால் பழைய காருக்கு நல்ல நிலை. பல்பில் 10.4 என்றால் 1.9 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. இழை பல்பின் ஒளி வோல்ட்டின் ஏறத்தாழ 3.4 அடுக்கில் மாறும். அதாவது வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதம் குறையும். 1.9 வோல்ட் இழப்பில் பாதிக்குச் சற்று மேல் ஒளிதான் மிஞ்சும். அதிக வாட் பல்பு போட்டால் கரண்ட் கூடும், இழப்பும் கூடவே கூடும், ஸ்விட்சும் சூடேறும்.

6. எர்த் பக்கம் முதலில்

ஃபீடுக்கு முன் எர்த்தைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எர்த் பக்கத்தில் இணைப்புகள் குறைவு, எட்டுவது எளிது, தவறும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு முனையை நீள வயர் மூலம் பேட்டரியின் எர்த் கம்பத்தில் மாட்டுங்கள். மறுமுனையைப் பல்பின் எர்த் டெர்மினலில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. 0.5-ஐத் தாண்டினால் கோளாறு உறுதி. இப்போது மறுமுனையை ஒவ்வொரு இடமாகப் பின்னோக்கி நகர்த்துங்கள்: எர்த் வயரின் கனெக்டர், அது பாடியில் இறங்கும் ஸ்க்ரூ, பக்கத்தில் பாடியின் வெறும் உலோகம். எண் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே சட்டென விழுகிறதோ அங்கேதான் தடை. பாடியின் வெறும் உலோகத்திலேயே 0.5 காட்டினால் பேட்டரி எர்த் வயரைப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஸ்டார்ட்டரும் சோம்பலாகச் சுற்றுகிறதென்றால் இதற்கே வாய்ப்பு அதிகம்.

புதிதாகப் பெயின்ட் அடித்துச் சேர்த்த கார்களில் இந்தப் படி பல நாள் தேடலை மிச்சப்படுத்தும். மட்கார்டு, ரேடியேட்டர் தாங்கி எல்லாவற்றுக்கும் அழகாகப் பெயின்ட் அடித்து மாட்டியிருப்பார்கள். ஸ்க்ரூவின் மரை மட்டும் எங்கோ உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். எர்த் இறங்கும் இடத்தில் நாணய அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் வளைய டெர்மினலை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

7. ஃபீடு பக்கம்: நடுவில் பிடித்துப் பாதி பாதியாகக் குறைப்பது

இப்போது நீள வயரைப் பேட்டரியின் ஃபீடு கம்பத்துக்கு மாற்றுங்கள். மீட்டரின் மறுமுனையை விளக்கு எரியும்போது பல்பின் ஃபீடு டெர்மினலில் வைத்தால் வழி முழுவதிலும் ஏற்படும் மொத்த இழப்பு தெரியும். 0.5-க்குள் இருந்தால் மகிழ்ச்சி. அதிகம் என்றால் பேட்டரியிலிருந்து வரிசையாகத் தேட வேண்டாம், நேராக டிப்பருக்குப் போங்கள். வழியின் நடு அதுதான். டிப்பருக்கு வரும் வயரில் எண் சிறியதாக இருந்தால் பேட்டரியிலிருந்து டிப்பர் வரையிலான பாதி முழுவதும் விடுதலை. ஒரே அளவில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது.

ஒரு எடுத்துக்காட்டு. லைட் ஸ்விட்சுக்குள் வரும் முனையில் 0.15, ஸ்விட்சிலிருந்து வெளியேறும் முனையில் 0.35, டிப்பருக்குள் வரும் முனையில் 0.40, டிப்பரிலிருந்து வெளியேறும் முனையில் 1.30, ரேடியேட்டர் அருகே கனெக்டரில் 1.40, பல்பில் 1.50. எண்கள் படிப்படியாக ஏறுவது இயல்பு. டிப்பரில் மட்டும் 0.90 ஒரே தாவாகத் தாவுகிறது. கழற்ற வேண்டியது அது ஒன்றுதான்.

விளக்கு எரியவே இல்லை என்றாலும் இதே முறை செல்லும், பல்பும் எர்த்தும் நன்றாக இருந்தால். அறுந்த இடத்துக்கு முன்பு வரை மீட்டர் 0 காட்டும், அதைத் தாண்டியதும் முழு 12 வோல்ட் காட்டும். முதலில் பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மீட்டர் இங்கே பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது. நல்ல வயரின் இரு முனைகளுக்கு நடுவே வித்தியாசம் இருக்கக் கூடாது.

8. ஸ்விட்ச், டிப்பர், கனெக்டர், ஃபியூஸ்

காலால் மிதிக்கும் டிப்பர் உள்ள கார்களில் தரை விரிப்பின் ஈரமும் மண்ணும் நேராக அதற்குள் போகின்றன. ரிவெட் இல்லாத வகை என்றால் திறந்து தொடுபுள்ளிகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். பித்தளை குழிந்து கருகியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் லைட் ஸ்விட்சுக்குள்ளேயே சூட்டில் பிரியும் பிரேக்கர் ஒன்று உண்டு. விளக்குகள் சில நிமிடம் எரிந்து, அணைந்து, தானாகவே மறுபடி எரிந்தால் அது கரண்ட் அதிகம் என்று சொல்கிறது. கூடுதல் வாட் பல்பா, ஷார்ட்டா என்று பாருங்கள்.

பிரிட்டிஷ் கார்களின் புல்லட் கனெக்டர்களில் (குண்டு வடிவ முனையைக் குழாய்க்குள் செருகும் இணைப்பு) ரப்பர் உறைக்குள் ஈரம் தங்கிக் களிம்பு பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, இழுத்துப் பாருங்கள். கண்ணாடி ஃபியூஸில் உள்கம்பி நன்றாகத் தெரிந்தாலும் மூடிக்குள் விட்டுப்போயிருக்கும். பிடிக்கும் கிளிப் தளர்ந்தாலும் இழப்பு வரும். 5 நிமிடம் விளக்கை எரியவிட்டு ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் தொடுங்கள், சுடுவது எதுவோ அது குற்றவாளி.

லூகாஸ் 35 ஆம்ப் ஃபியூஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. 35 என்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப்தான். வேறு வகையில் 35 என்று எழுதியிருப்பது 35-ஐத் தொடர்ந்து தாங்கக்கூடியது. எண் ஒன்றுதானே என்று போட்டால் வயர் உருகும், ஃபியூஸ் அப்படியே இருக்கும்.

9. ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தால்

ஃபியூஸ் மேல் ஃபியூஸாகப் போட்டுப் பார்ப்பதால் வயர் சூடேறுவதைத் தவிரப் பயனில்லை. ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இரண்டு கிளிப்களுக்கு நடுவே தனியாக வைத்திருக்கும் ஹெட்லைட் பல்பின் ஒரு இழையை இணையுங்கள். காரின் ஹெட்லைட் பல்புகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள், பிரைட் அறிகுறி விளக்கையும் சேர்த்து. இப்போது ஸ்விட்சைப் போட்டால் உங்கள் பல்பு எரியக் கூடாது. முழு ஒளியோடு எரிந்தால் எங்கோ வயர் பாடியைத் தொடுகிறது. ஓடும் கரண்ட் 5 ஆம்ப்பைத் தாண்டாது என்பதால் நிதானமாகத் தேடலாம்.

கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ அதற்கு அப்பால், ஹெட்லைட் பக்கமாக உள்ள துண்டில்தான் ஷார்ட். ஹெட்லைட் கிண்ணத்தின் ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்த துளை, தகரத்தின் கூர்மையான விளிம்பு, ஸ்டியரிங் தண்டுக்கு அருகே வயர் மடங்கும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

10. விட்டுவிட்டு வரும் கோளாறு

அளக்கும்போது நன்றாக இருந்து, ஓட்டும்போது போகும் கோளாறுக்குச் சூடு அல்லது அதிர்வு காரணம். விளக்கை 20 நிமிடம் எரியவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டோ சார்ஜர் மாட்டியோ பேட்டரியைத் தாங்கிப் பிடியுங்கள், காற்றோட்டமான இடத்தில் மட்டும். பிறகு 7-ஆம் படியின் எண்களை மறுபடி எடுங்கள். ஸ்விட்சின் இரு முனைகளுக்கு நடுவே வித்தியாசம் குளிரில் 0.2, சூட்டில் 0.9 என்றால் ஸ்விட்ச்தான்.

அதிர்வுக்கு மீட்டரைப் பல்பில் மாட்டியபடியே இன்னொருவர் வயர் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைக்கட்டும். எண் துள்ளும் இடத்தில் நிறுத்தி உறையைத் தடவுங்கள். உள்ளே அறுந்த இடத்தில் வயர் அளவுக்கு மீறி எளிதாக வளையும்.

11. சரிசெய்தல்

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். சரியான குறடால் க்ரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். சாலிடர் செய்தால் அந்த இடத்துக்கு இரு புறமும் வயர் ஆடாமல் கட்டிவிடுங்கள், சாலிடர் முடியும் இடத்தில்தான் இழைகள் ஒடியும். வயரின் உறையைக் கடித்து இணைக்கும் பிளாஸ்டிக் கவ்விகள் இருந்தால் எல்லாவற்றையும் அகற்றுங்கள். வெட்டிய முனையில் செம்பு கருத்திருந்தால் சிவப்பாகத் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள்.

வயர் தடிமன் பழையதற்குக் குறையக் கூடாது. 2 சதுர மி.மீ. வயர், அதாவது 0.30 மி.மீ. இழை 28 உள்ளது, 17.5 ஆம்ப்புக்கானது. இரு ஹெட்லைட்டுக்கும் பொதுவான வயருக்கு அதுதான் குறைந்த அளவு.

12. ரிலே எப்போது போடலாம்

எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகும் ஃபீடு இழப்பு 0.8-க்கு மேல் நின்றால், அல்லது எச்4 ஹாலஜன் பல்புக்கு மாறுவதாக இருந்தால், டிம்முக்கு ஒன்று பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சிறிய கரண்டால் இயங்கி, பெரிய கரண்டை ஓடவிடும் ஸ்விட்ச்) போடுவது நல்ல முடிவு. டிப்பரிலிருந்து வரும் பழைய வயர் ரிலேயின் டெர்மினல் 86-க்கு, எர்த் 85-க்கு, பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. புது வயர் 30-க்கு, விளக்குகள் 87-க்கு. டயோடு உள்ள ரிலே என்றால் அதன் மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்து 85, 86 இரண்டையும் மாட்டுங்கள், பாசிட்டிவ் எர்த் கார்களில் இது மிக முக்கியம். 30-க்குப் போகும் வயருக்குப் பேட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்ப் ஃபியூஸ் வையுங்கள். வழியில் உரசினால் காப்பது அது மட்டுமே. 87-க்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்து இழைக்கும் தனித்தனியே 10 ஆம்ப் ஃபியூஸ் வைத்தால், ஒரு பக்கம் ஷார்ட் ஆனாலும் மற்றது எரிந்துகொண்டிருக்கும்.

கோளாறைத் தேடாமல் ரிலே போடுவதை நான் ஏற்பதில்லை. மோசமான எர்த் ரிலே போட்ட பிறகும் மோசமான எர்த்தாகவே இருக்கும். புது ஃபீடுக்கு ஈடான தடிமனில் எர்த் வயரையும் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் இழுத்துவிடுங்கள்.

கடைசியாக 5, 6, 7 படிகளின் அளவுகளை மீண்டும் எடுத்து, தேதியோடு வயரிங் படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பல்பில் வோல்ட் கூடியதும் ஒளியும் கூடியிருக்கும், யூனிட்டையும் வெளியே எடுத்து மாட்டியிருக்கிறீர்கள். எதிரே வருபவர் கண்ணைக் கூசாதபடி ஹெட்லைட்டின் உயரத்தையும் சரிசெய்துவிட்டே சாலைக்கு எடுங்கள்.